ஓடையோரம் க்யூஃபீல்டு: வெள்ள வரைபடத்துக்கு இந்தச் செயலி எவ்வளவு தாங்கும்?

க்யூஃபீல்டு இலவசச் செயலி. கணினியில் க்யூஜிஐஎஸ் மென்பொருளில் தயாரித்த வரைபடத்தைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு, டவர் எடுக்காத பள்ளத்துக்குள்ளும் நடந்தபடியே குறிக்கலாம். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் எந்த ஓடை எங்கே ஏறும், எந்த வாய்க்கால் எங்கே உடையும் என்று ஊர் அளவில் வரைபடம் போட நினைப்பவர்களுக்கு இப்போதைக்கு இதைவிட நல்ல நோட்டுப்புத்தகம் கிடையாது. ஆனால் உயரத்தை மட்டும் இதை நம்பி எழுதக் கூடாது. முதலிலேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் வெள்ள வரைபடத்துக்கு உயரம்தான் உயிர்.

கைப்பேசி ஜிபிஎஸ் திறந்த வெளியில் 3 முதல் 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டும். மதகு எது, கலிங்கு (ஏரியின் உபரி நீர் வழியும் இடம்) எது என்று பிரித்தறிய அது போதும். உயரத்தில் பிழை அதைவிடப் பெரிது. போதாததற்கு, சில கைப்பேசிகள் கடல்மட்டத்திலிருந்து உயரம் சொல்கின்றன, சில பூமியின் கணித வடிவத்திலிருந்து சொல்கின்றன. நம் பகுதியில் இந்த இரண்டுக்கும் இடைவெளி 80 மீட்டருக்கு மேல். இரண்டு பேர் இரண்டு போனில் எடுத்த உயரங்களை ஒரே அட்டவணையில் கொட்டினால் ஓடை மேல்நோக்கி ஓடும்.

சரி, செயற்கைக்கோள் உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறதே, அதை வைத்துக் கணினியிலேயே முடித்துவிடலாமே என்பார்கள். ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் திட்டம் தரும் 30 மீட்டர் உயரத் தரவு நல்ல தரவுதான். ஓடைக்குத் தண்ணீர் எந்தெந்த மேட்டிலிருந்து இறங்குகிறது, நீர்பிடிப்பு எத்தனை சதுர கிலோமீட்டர் என்று பார்க்க அதை விட்டால் வழியில்லை. ஆனால் அதில் ஒரு கட்டம் 30க்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டருக்கு ஒரே ஒரு உயரம். 3 மீட்டர் அகல வாய்க்காலும் அதன் ஒன்றரை மீட்டர்க் கரையும் அதில் தெரியவே தெரியாது. இன்னொன்று, அது மண்ணின் உயரம் இல்லை, மேலிருந்து பார்த்தால் முதலில் படும் பரப்பின் உயரம். ஓடையை ஒட்டி அடர்ந்த மாந்தோப்பு இருந்தால் மரத்தலையே மேடாகப் பதிவாகும், மென்பொருளும் தண்ணீரை அந்த ‘மேட்டை’ச் சுற்றி அனுப்பும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இது அடிக்கடி கண்ணில் படும் கோளாறு. மரத்தையும் கட்டடத்தையும் கழித்த ஃபேப்டெம் தரவு ஓரளவு உதவும், ஆனால் வாய்க்கால் அதிலும் தெரியாது.

ஆகவே நடக்கத்தான் வேண்டும். நடப்பதற்கு முன் கணினியில் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. 78 பாகை தீர்க்கரேகை நம் இரண்டு மாவட்டங்களையும் வெட்டிக்கொண்டு போகிறது. உலகை 6 பாகைப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் யூடிஎம் முறையில் அதுதான் மண்டல எல்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் எல்லாம் 43ஆம் மண்டலம். கிருஷ்ணகிரி, தருமபுரி, அரூர், ஊத்தங்கரை 44. சூளகிரி ஏறக்குறைய கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு அடுக்கை (வரைபடத்தின் ஒரு தரவுத் தொகுப்பை) 43 என்றும் இன்னொன்றை 44 என்றும் தவறாகப் பெயரிட்டுவிட்டால் பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் விழும். ஒரே மண்டலத்தில் நில்லுங்கள். 44ஐயே ஓசூர் வரை நீட்டினாலும் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் போலத்தான் வித்தியாசம் வரும், இந்த வேலைக்கு அது ஒன்றும் இல்லை.

க்யூஃபீல்டின் உண்மையான பலம் படிவத்தில். க்யூஜிஐஎஸ்ஸில் ஒரு புள்ளி அடுக்கு உண்டாக்கி, ‘வகை’ என்ற இடத்தில் மதகு, கலிங்கு, குழாய்ப் பாலம், தரைப்பாலம், கரைத் தாழ்வு, ஓடை விழும் இடம், வெள்ளத் தடம் என்று தமிழிலேயே பட்டியல் போட்டுவிடலாம். அதற்குக் கீழே அகலம், உயரம், வண்டல் எவ்வளவு அடைத்திருக்கிறது, புகைப்படம், தேதி. ஜிபிஎஸ் துல்லியத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்படி ஒரு இடமும் வையுங்கள். பிறகு சந்தேகம் வந்தால் எந்தப் புள்ளியை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று அதுதான் சொல்லும். இப்படிச் செய்துவிட்டால் பஞ்சாயத்துப் பணியாளரோ கல்லூரி மாணவரோ யார் போனாலும் ஒரே மாதிரித் தரவு வரும். வெறும் கூகுள் மேப்பில் முள் குத்தி வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதற்கும் இதற்கும் உள்ள தூரம் இங்கேதான் தெரியும்.

வாய்க்காலில் எங்கே நிற்க வேண்டும்? கிருஷ்ணகிரி அணையின் இடது, வலது கால்வாய்கள் போல மேட்டுச் சரிவை ஒட்டிப் போகும் கால்வாயில் உடைப்பு பெரும்பாலும் தாழ்வுப் பக்கக் கரையில்தான் வரும். ஆனால் காரணம் மேட்டுப் பக்கத்தில் இருக்கும். சிறு ஓடைகள் கால்வாயின் அடியிலோ மேலோ கடந்து போக வழி இருக்க வேண்டும். அந்த வழி அடைத்துக்கொண்டால் ஓடைத் தண்ணீர் நேராகக் கால்வாய்க்குள் விழும், கால்வாய் அதைப் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு போய், கரை எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே கொட்டும். ஓடை இருக்கும் ஊர் ஒன்று, முழுகும் ஊர் வேறு! எனவே மேட்டுப் பக்கம் ஓடை விழும் ஒவ்வொரு இடத்தையும், தாழ்வுப் பக்கம் டிராக்டர் ஏறி இறங்கித் தேய்ந்த கரையையும், குழாய் பதிக்க வெட்டி மூடிய இடத்தையும், எலி வளை, நண்டு வளையையும் குறியுங்கள். வளைவில் வெளிக்கரையை விடாதீர்கள்.

அளவு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 3 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம், ஆயிரத்துக்கு ஒன்று சரிவு உள்ள சுத்தமான மண் வாய்க்கால், வாய்க்காலில் ஓடும் நீரைக் கணக்கிடும் மேனிங் சூத்திரப்படி வினாடிக்கு 2.7 கன மீட்டர், அதாவது சுமார் 95 கன அடி கொண்டுபோகும். இங்கே உராய்வு எண் (வாய்க்காலின் பரப்பு தண்ணீரை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு) 0.025. அதே வாய்க்காலில் கோரையும் செடியும் மண்டிவிட்டால் எண் 0.08க்குப் போய்விடும், கொள்ளளவு 30 கன அடியாகச் சுருங்கும். இப்போது மேட்டுப் பக்கம் ஒரே ஒரு சதுர கிலோமீட்டர் நீர்பிடிப்பு உள்ள ஓடையை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை, அதில் பாதி ஓடி வருகிறது என்றால் கிட்டத்தட்ட 245 கன அடி. சுத்தமான வாய்க்காலே தாங்காது. படிவத்தில் ‘வண்டல்’, ‘செடி’ என்ற இரண்டு இடங்களைச் சோம்பலில் விட்டுவிட்டு வந்தால் இந்தக் கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் உள்மாவட்டங்களுக்கு வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் காணொளியில் பார்த்தோம். இந்தப் பக்க ஓடை வெள்ளம் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். சில நாட்களுக்கு ஒருமுறை தலைக்கு மேல் வரும் ரேடார் செயற்கைக்கோள் அதைப் பெரும்பாலும் தவறவிடும். ஆகவே சுவரில் நிற்கும் சேற்றுக் கோடு, வேலியில் சிக்கிய குப்பை, வீட்டுக்காரர் கைகாட்டும் உயரம், இவைதான் சான்று. மரத்தில் பார்த்தால் நீர் மோதிய பக்கம் குப்பை கூடுதல் உயரத்தில் ஏறி நிற்கும், அதை எடுக்காதீர்கள். வீட்டுக்குள் உட்சுவரில் இருக்கும் கோடு நம்பகமானது, அங்கே தண்ணீர் அலையடிக்காமல் நின்றிருக்கும்.

அந்தக் கோடுகளின் உயரத்தை டியூப் லெவலால் எடுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் அதே ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய்தான், 15, 20 மீட்டர் இருந்தால் வசதி. உள்ளே ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் மட்டம் தப்பும். இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். பாலத்தின் கைப்பிடிச் சுவர் மாதிரி அசையாத ஒன்றைப் பூஜ்யமாக வைத்து, அதிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே, கீழே என்று படிவத்தில் எழுதுங்கள். நீளமான ஓடைக்கு டம்பி லெவல் (முக்காலியில் நிறுத்தித் தொலைநோக்கியால் மட்டம் பார்க்கும் கருவி) வாடகைக்கு எடுப்பது நல்லது, டியூபை இருபது முறை நகர்த்தினால் பிழையும் கூடவே நகரும்.

செயலியின் குறைகளுக்கு வருவோம். வெயிலில் திரை வெளிச்சத்தைக் கூட்டி, ஜிபிஎஸ்ஸும் ஓடிக்கொண்டே இருந்தால் பேட்டரி வேகமாக இறங்கும், பவர் பேங்க் இல்லாமல் கிளம்பாதீர்கள். தென்னந்தோப்புக்குள் புள்ளி அலையும், துல்லியம் 4 மீட்டருக்குள் வரும் வரை நின்று, சராசரி எடுக்கும் வசதியைப் போட்டுவிட்டுக் குறியுங்கள். புகைப்பட அளவைக் குறைத்து வைக்காவிட்டால் கோப்பு ஊதிப்போய், கணினிக்கு மாற்றும்போது திணறும். க்யூஃபீல்டின் மேகக் கணக்கில் (இணையவழிச் சேமிப்பில்) இலவச இடம் குறைவு, கேபிள் வழியே மாற்றுவது நிம்மதி. புதிய ஆண்ட்ராய்டில் செயலியின் கோப்புறைக்குள் போவது சள்ளை பிடித்த வேலை. மிக முக்கியமாக, கோப்பை வெளியே எடுக்காமல் செயலியை நீக்கினால் தரவும் சேர்ந்து அழியும். ‘ஹேங் ஆகுது, அழிச்சுட்டு மறுபடி போடு’ என்று யாராவது சொன்னால் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நான்கு தரலாம். உயரத்துக்கு ஒரு மதிப்பெண் கழித்தது செயலி மேல் உள்ள குறை இல்லை, கைப்பேசி அவ்வளவுதான். ஒரே ஒரு பாலத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது வேண்டியதில்லை, தாளும் டேப்பும் போதும். ஒரு ஏரியின் வரத்து வாய்க்காலையும் கலிங்குக்குக் கீழே போகும் ஓடையையும் முழுசாகக் குறிக்கப் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். முடிந்ததும் நில அளவைத் துறையின் புல வரைபடத்தை மேலே பொருத்திப் பாருங்கள், ஓடைப் புறம்போக்கு காகிதத்தில் எத்தனை மீட்டர், தரையில் எத்தனை மீட்டர் என்று தெரியும். அச்சிடும்போது வெள்ள எல்லையை மெல்லிய கோடாகப் போடாமல் 10, 15 மீட்டர் அகலப் பட்டையாகப் போடுங்கள். கோடு போட்டால் ‘என் வீடு கோட்டுக்கு வெளியேதானே இருக்கு’ என்று கேட்பார்கள், அந்த அளவுக்குத் துல்லியம் இந்தத் தரவில் கிடையாது.