பழைய துப்பாக்கியைப் புதுசாக்கித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கும் முன்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் வீட்டில் லைசென்ஸோடு பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என்னுடையதற்கு நடந்ததை இனி மாற்ற முடியாது. உங்களுடையதாவது தப்பட்டும்.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, நெல்லியாம்பதியில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். துரை ஊரைவிட்டுப் போகும்போது அவருக்குக் கொடுத்த ரெட்டைக்குழல் ரைபிள் அது. பர்மிங்காமில் செய்தது, 500 எக்ஸ்பிரஸ் என்ற தோட்டா போடுவது, கருமருந்துத் தோட்டா காலத்துச் சாமான். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு அது காட்டுப் பக்கம் போனதே இல்லை. அப்பா இறந்ததும் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். பாலக்காடு கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து, வாரிசு என்று என் பேருக்கு லைசென்ஸ் வாங்க ஒன்றரை வருடம் ஆனது. ஸ்டேஷன் மூலையில் நின்ற அந்த ஒன்றரை வருடத்தில் குழல் முழுக்கத் துரு.

சுடுவதற்கு அல்ல, அப்பாரு கையில் இருந்தபடி அதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. மர வேலையை நானே செய்தேன். வால்நட் கட்டை, எண்ணெய் குடித்துக் கறுத்துப் போயிருந்தது. அழுத்தி மொத்துப்பட்ட இடங்களில் ஈரத்துணி போட்டு, அதன் மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை ஒரு நொடி வைத்து எடுத்தால், ஆவி பட்டு மரநார் மெல்ல உப்பி மேலே வரும். ஒரு பள்ளத்துக்குப் பத்து தடவையாவது வைத்து எடுக்க வேண்டும். அப்புறம் ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து, ஒன்றரை மாத ராத்திரிகள் அதில் போயின. ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் பிடித்து வைத்தேன்.

இரும்பு வேலைக்குக் கைதேர்ந்த ஆள் வேண்டும். காட்டுப்பன்றியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022இல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கொடுத்த பிறகு, எனக்குத் தெரிந்த நல்ல கைக்காரரிடம் வேலை குவிந்து கிடந்தது. ஆறு மாதம் ஆகும் என்றார். அந்த ஆறு மாதத்தைப் பொறுக்காமல் வேறொரு கடைக்குப் போனேன்.

“ரெண்டே வாரம் தம்பி. பெட்டியில இருந்து எடுத்த மாதிரி ஆக்கித் தரேன்” என்றார் கடைக்காரர்.

“புதுசா ஆக வேண்டாங்கண்ணா. துரு நின்னாப் போதும். எழுத்து, நம்பர் எதுவும் அழியக் கூடாதுங்க” என்றேன்.

“அது எங்களுக்குத் தெரியாதா?” என்றார்.

பேசியது 26,000 ரூபாய், முன்பணம் 10,000. ரசீதில் ‘பழைய ரைபிள் 1, பாலிஷ்’ என்று மட்டும் எழுதினார். நம்பரை எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை.

இரண்டு வாரம் ஏழு வாரமானது. வாங்கியபோது குழல் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் கறுத்து மின்னியது. விரலால் தடவினேன். கூராக இருந்த விளிம்புகள் வழவழவென்று உருண்டிருந்தன. திருகாணித் துளைகளைச் சுற்றி, கட்டைவிரல் அழுத்திய மாவு போல் குழி. பஃப்பிங் சக்கரத்தில், அதாவது வேகமாகச் சுற்றும் பாலிஷ் சக்கரத்தில், கொடுத்துத் தேய்த்திருக்கிறார்கள். விசைக் காப்பின், அதாவது விசையைச் சுற்றி வரும் இரும்பு வளையத்தின், வால் பகுதியில் இருந்த ஐந்து இலக்க நம்பரில் முதல் இரண்டுதான் மிச்சம். குழலை மடக்கி அடியில் பார்த்தால், குழல் வெடியைத் தாங்குமா என்று பார்த்துப் பர்மிங்காம் சோதனைக் கூடத்தார் அடித்த கிரீட முத்திரைகள் வெறும் மழுங்கலாகத் தெரிகின்றன. என் கட்டைக்கும் பளபளவென்று வார்னிஷ் பூசியிருந்தார்கள்.

அதைவிடப் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியவில்லை. கொடுப்பதற்கு முன் குழலைத் தனியாகக் கழற்றி, கயிற்றில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டிப் பார்த்திருந்தேன். சந்தையில் பானையைச் சுண்டிப் பார்ப்போமே, அதே சோதனைதான். அப்போது மணி போல நீளமாக ஒலித்தது. வந்த பிறகு தட்டினால் ‘சர்ர்’ என்று அதிர்ந்து உடனே அடங்கிவிட்டது. காரணம் இதுதான். இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டை ஈயப் பற்றாசால் (சால்டர்) ஒட்டப்பட்டது. குழலுக்குத் துரு ஏறாமல் கறுப்பு ஏற்றுவார்கள். அந்தக் காலத்துக் கறுப்பு, மருந்து தடவித் துருப்பிடிக்கவிட்டு, தண்ணீரில் கொதிக்கவைத்து, தேய்த்து எடுத்து, திரும்பத் திரும்ப நாள்கணக்கில் ஏற்றுவது. இவர்கள் செய்தது காஸ்டிக் சோடா கலந்த உப்புத் தொட்டியில், சுமார் 140 டிகிரிச் சூட்டில் முக்கி எடுப்பது. ஒற்றைக்குழலுக்கு அது சரி. ரெட்டைக்குழலை முக்கினால் காஸ்டிக் அந்தப் பற்றாசைத் தின்று, பட்டை தளர்ந்துவிடும்.

கடைப்பையன் ஒருவன்தான் மனசு கேட்காமல் சொன்னான்: வேலை அங்கே நடக்கவே இல்லையாம். ஸ்கூட்டரில் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம், பைப்புக்கும் கேட்டுக்கும் பாலிஷ் போடும் ஒரு பட்டறைக்குப் போய் வந்திருக்கிறது. என் லைசென்ஸ் கேரளத்துக்குள் மட்டும் செல்லும். துப்பாக்கி ரிப்பேர் பார்ப்பதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும், அது பட்டறைக்குக் கிடையாது. வழியில் மறித்திருந்தால் என் பேரில்தானே வந்து நின்றிருக்கும்? அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

கேட்டபோது, “நீங்கதானே கறுப்பு ஏத்தச் சொன்னீங்க” என்றார் கடைக்காரர். பணம் திரும்பவில்லை. எனக்குப் பணமும் பெரிதாகப் படவில்லை. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். நம்பர் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவரே அழித்தார் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது நம் பொறுப்பு.

மறுநாளே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துத் துப்பாக்கியையும் ஒப்படைத்தேன். கலெக்டர் ஆபீசுக்கும் ஒரு நகல். என்னைக் காப்பாற்றியது அந்த இஸ்திரிப்பெட்டிப் படங்கள்தான். கட்டையில் ஒரு பள்ளத்தைப் படம் பிடித்தபோது ஓரத்தில் விசைக் காப்பின் வாலும் விழுந்திருக்கிறது, நம்பர் முழுதாக, தேதியோடு.

அதனால் சொல்கிறேன். கொடுப்பதற்கு முன் நம்பர், முத்திரை, கம்பெனிப் பேர் இருக்கும் ஒவ்வொரு இடத்தையும் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுங்கள். முழு நம்பரோடு ரசீது தராத கடையில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற விடாதீர்கள். ரிப்பேர் லைசென்ஸைக் கண்ணால் பாருங்கள். வேலை இந்தக் கூரைக்கு அடியிலேயே நடக்குமா, பஃப்பிங் உண்டா, குழலைத் தொட்டியில் முக்குவீர்களா என்று கேளுங்கள். ‘புதுசு மாதிரி’ என்று ஒருவர் ஆரம்பித்தாலே துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

போலீஸ் ஆர்மரர், அதாவது போலீசில் ஆயுதங்களைப் பார்த்துக்கொள்பவர், பார்த்து எழுதித் தர வேண்டும் என்கிறார்கள். அடுத்த மாதம் 12ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாருடைய லைசென்ஸ் புத்தகத்தையும் அப்பாவுடையதையும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். இரண்டிலும் ஐந்து இலக்கமும் தெளிவாக இருக்கின்றன.