ஆன்டிமனியா, தங்கமா, இரும்பா? ஒட்டுண்ணி நோய்களுக்கான உலோக மருந்துகள்

உலோகம் சேர்ந்த மருந்துகளை எடைபோடும்போது, அவை ஒட்டுண்ணியை எவ்வளவு கடுமையாகத் தாக்குகின்றன என்பதைவிட, நோயாளியின் உடலை எவ்வளவு விட்டுவைக்கின்றன என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றில் மூத்தது ஆன்டிமனி. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் மருத்துவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி உருவாக்கிய யூரியா ஸ்டிபமைன் என்ற ஆன்டிமனி மருந்து, சிகிச்சையின்றி விட்டால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும் ஒட்டுண்ணிக் காய்ச்சலான காலா அசாரிலிருந்து எண்ணற்றோரைக் காப்பாற்றியது. பின்னர் வந்த சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட்டில் உள்ள ஆன்டிமனி, உடலுக்குள் வேதிமாற்றம் அடைந்து, அந்நோயை உண்டாக்கும் லீஷ்மேனியா ஒட்டுண்ணியின் தற்காப்பு நொதியான டிரைபனோதயோன் ரிடக்டேசை முடக்குகிறது. அந்த நொதி மனிதரிடம் இல்லை என்பதால் இலக்கு சிறந்ததே, மருந்துதான் முரடானது. கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் வீதம் ஏறத்தாழ ஒரு மாதம் நாள்தோறும் ஊசி போட வேண்டும். இதயத் துடிப்பின் சீர் கெடலாம், கணையமும் வீங்கலாம். போதாக்குறைக்கு, வட பீகாரில் பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அது பலிக்காமலே போயிற்று.

தங்கச் சேர்மமான ஆரனோஃபினின் கதை வேறு. 1985இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு ஒப்புதல் பெற்ற இம்மருந்தை வாய்வழி உட்கொள்ளலாம். நீண்டகாலம் உட்கொள்வதால் வரும் பக்கவிளைவுகளும் மருத்துவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். சீதபேதியை உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டாலிடிகாவை இது ஆய்வகத்தில், அந்நோய்க்கு வழக்கமாகத் தரப்படும் மெட்ரோனிடசோலைக் காட்டிலும் மிகக் குறைந்த அளவிலேயே கொல்வதாக 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. தயோரிடாக்சின் ரிடக்டேஸ் என்ற தற்காப்பு நொதியைத் தங்கம் தாக்குவதே காரணம் என்று அந்த ஆய்வு கருதியது. அதே குடும்பத்து நொதி நம் செல்களிலும் உண்டு, இதை மறைக்கக் கூடாது. ஆனால் நமக்கு குளூட்டாதயோன் என்ற மாற்றுக் காப்பு இருக்கிறது, அந்த அமீபாவுக்கு இல்லை. சில நாள் சிகிச்சைக்கு இந்த வேறுபாடு போதும் என்பது என் கணிப்பு. ஆகவே முதலிடத்தைத் தங்கத்துக்கே தருவேன்.

மூன்றாவதான இரும்பு, ஃபெரோகுயின் என்ற மலேரியா மருந்தில் இருக்கிறது. அதில் இரும்பின் பணி நஞ்சூட்டுவது அன்று. இரண்டு ஐங்கோணக் கார்பன் வளையங்களுக்கு நடுவே இரும்பு அணு அமர்ந்த ஃபெரோசீனை, பழைய மலேரியா மருந்தான குளோரோகுயினின் பக்கச் சங்கிலியில் பொருத்தியதால் மூலக்கூறின் வடிவமும் கொழுப்பில் கரையும் தன்மையும் மாறின. அதனால், குளோரோகுயினுக்கு அடங்காத மலேரியா ஒட்டுண்ணிகளும் இதற்கு அடங்குகின்றன. ஆர்டிஃபெனோமெல் என்ற மற்றொரு மலேரியா மருந்துடன் சேர்த்து ஒரே வேளையில் கொடுத்துப் பார்த்த சோதனை, 95 விழுக்காட்டினரைக் குணமாக்கும் இலக்கை எட்டவில்லை. அதற்காக இம்மூலக்கூறைக் கைவிடுவது தவறு. ஒரே வேளை என்ற கெடுபிடியைத் தளர்த்தி, வேறு துணை மருந்துடன் மூன்று நாள் சிகிச்சையாக இதைச் சோதிக்க வேண்டும்.