மீலோஸ் தீவுல குவாட் பைக் வாடகைக்கு எடுக்கப் போறீங்களா? எங்க 870 யூரோ எப்படிப் போச்சுன்னு படிச்சிட்டுப் போங்க

870 யூரோ. வெளிநாட்டுச் செலவுக்குன்னு வங்கிக்காரங்க போட்ட கூடுதல் கட்டணம் (மார்க்-அப்), அதுக்கு மேல ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தா கிட்டத்தட்ட 90,000 ரூபாய். கிரீஸ்ல இருக்கிற மீலோஸ் தீவை விட்டுக் கப்பல் கிளம்பி கரை கண்ணுக்கு மறையறதுக்குள்ள என் வீட்டுக்காரர் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்துச்சு. அவ்வளவுதான், காசு போச்சு. ஊர் வந்து சேர்ந்தாச்சு, ஆத்திரம் மட்டும் அடங்கல. கிரீஸ் தீவுகளுக்குப் போகணும்னு விசாவுக்கு அலைஞ்சிட்டிருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கீங்க. உங்களுக்காகத்தான் எழுதுறேன். என்ன பண்ணணும், என்ன பண்ணக்கூடாதுன்னு கடைசியில விவரமா சொல்றேன்.

கடை பேரை எழுத மாட்டேன், வக்கீல் நோட்டீஸ் வேற வரும்னு இவர் தடுக்கிறார். அடாமாஸ் துறைமுகத்துப் பக்கம் வண்டி வாடகைக்கு விடுற கடை. அந்தத் தெருவுல அதே மாதிரி கடைகள் வரிசையா இருக்கு. நாங்க புக் பண்ணினது பல கடைகளோட வாடகையை ஒப்பிட்டுக் காட்டுற ஒரு தளத்துல. அதுலயே "முழுப் பாதுகாப்பு"ன்னு ஒரு காப்பீடும் விக்கிறாங்க. அதையும் காசு கொடுத்து வாங்கினோம். இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

சாண்டோரினி கூட்டம் வேண்டாம், கொஞ்சம் சாகசமா இருக்கணும்னுதான் மீலோஸைத் தேர்ந்தெடுத்தோம். சீட்டு எடுத்த பணம் அது. கல்யாணமானதுலேர்ந்து தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பயணம். எரிமலைத் தீவு, கரைக்குக் கரை பாறையோட நிறமே மாறும். பஸ் இருக்கு, ஆனா நல்ல கரைகள் எல்லாத்துக்கும் போகாது. அதனால வண்டி வேணும். நாலு சக்கரம் வச்ச திறந்த பைக், அதான் குவாட் பைக், எடுத்தோம். இவர் ஆர்டிஓ ஆபீஸ்ல சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வச்சிருந்தார். ஹெல்மெட் ரெண்டு பேருக்கும் கேட்டு வாங்கினோம். ஒரு காகிதம் குறையாம, ஒரு விதி மீறாம எடுத்த வண்டி அது.

கடைக்காரர் அறுபது வயசுக்காரர். வெயில்ல பெட்டியை இழுத்துட்டுப் போனவங்களை உட்கார வச்சு, குளிர்ந்த தண்ணி கொடுத்து, தர்பூசணி வெட்டி வச்சார். "இந்தியாவா! மை ஃப்ரெண்ட்!"ன்னு இவர் தோளைத் தட்டினார். ஒரு மேப்பை மேஜை மேல விரிச்சு, நீலப் பேனாவால எங்க போகணும்னு குறிச்சுக் கொடுத்தார். "மெல்டெமி காத்து வடக்கிலேர்ந்து அடிக்கும். அன்னிக்கு வடக்குக் கரையில இருக்கிற சராகினிகோ பக்கம் போகாதீங்க, அலை அறையும். தெற்குக் கரைக்குப் போங்க, தண்ணி கண்ணாடியா இருக்கும்"னார். சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் எனக்கு இப்பவும் வயித்தெரிச்சல். தெற்குல சிக்ராடோ கரைக்குப் பெருசா ஒரு பெருக்கல் குறி போட்டு, அதைச் சுத்தி ரெண்டு வட்டமும் போட்டார். "இதைப் பார்க்காமப் போனா மீலோஸ் பார்த்த கணக்கே இல்ல"ன்னார். எங்க தீவுல கிடைச்ச வீனஸ் சிலையை 1820-ல எடுத்த கையோட பிரெஞ்சுக்காரங்க பாரிஸுக்குக் கொண்டு போயிட்டாங்க, இன்னும் அங்க லூவர் மியூசியத்துல கிடக்குன்னு ஒரு பாட்டம் அழுதார். அடுத்தவன் பொருளை எடுத்துட்டுப் போறதைப் பத்தி அவ்வளவு வருத்தப்பட்ட மனுஷன்!

டெபாசிட்டுக்குக் கடைக்காரர் இவரோட கிரெடிட் கார்டை மெஷின்ல செருகினார். "பிளாக் மட்டும்தான், தொகையை நிறுத்தி வைப்போம், எடுக்க மாட்டோம்"னு சொன்னார். ஒப்பந்தம் நாலு பக்கம், பொடி எழுத்துல கிரேக்க மொழி. "எல்லாக் கடையிலயும் இதேதான், கையெழுத்து இங்க இங்க"ன்னு விரலை வச்சுக் காட்டினார். அதுக்குள்ள நான் வெளிய போய் வண்டியைப் போட்டோ எடுக்க ஆரம்பிச்சேன். அவர் ஓடி வந்து என் போன் முன்னால கையை நீட்டி மறைச்சு, சிரிச்சுக்கிட்டே, "வேண்டாம்மா, இந்த வண்டியில எங்கெங்க கீறல் இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் உங்களை நம்புறேன், நீங்க என்னை நம்புங்க"ன்னார். இந்த வார்த்தையை நல்லாக் கவனிங்க. அந்தச் சிரிப்பைப் பார்த்து நம்பாம இருக்க யாராலும் முடியாது.

ஆனாலும் அவர் தடுக்கிறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ சில என்கிட்ட இருக்கு. பின்பக்கம் இடது விளக்கோட கண்ணாடி உடைஞ்சு, மஞ்சள் டேப்பால குறுக்கே ரெண்டு சுத்து சுத்தியிருந்தாங்க. டேப்போட ஒரு முனை பிரிஞ்சு தொங்கிச்சு. அது தெளிவா விழுந்திருக்கு.

அந்த நாட்களைப் பத்தி எழுதவே கசக்குது, இருந்தாலும் ரெண்டு வரி சொல்லணும். சிக்ராடோவுக்குப் போற கடைசித் துண்டு மண் ரோடு. வண்டியை மேல நிறுத்திட்டு, பாறை இடுக்குல தொங்குற கயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சறுக்கி இறங்கணும், அப்புறம் மர ஏணி. ஆள் ஒருத்தர் நுழையத்தான் இடம். பாதியில எனக்குக் கால் உதறிடுச்சு. இவர் கீழேருந்து, "வலது காலை வை, நான் பிடிச்சுக்கிறேன்"னு சொல்லிச் சொல்லி இறக்கினார். கீழ காலை வச்சதும் சின்னதா ஒரு கரை, ரெண்டு பக்கமும் செங்குத்தாப் பாறை, அடி மணல் தெரியற தண்ணி. பாலியோகோரி கரையில மணலைக் கையால தோண்டினா சுடுது, அடியில எரிமலைச் சூடு. கிளெஃப்டிகோ குகைகளுக்கு அடாமாஸ்லேர்ந்து படகுல போனோம். அங்க வண்டி போகாது, படகு இல்லைன்னா நடைதான். இதையும் ஞாபகத்துல வச்சுக்கோங்க.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கிற அன்னிக்குக் கடையில பெரியவர் இல்ல. ஒரு பையன் இருந்தான். வண்டியைச் சுத்தி வந்தான், பெட்ரோல் பார்த்தான், சாவியை வாங்கிட்டான். "எழுதிக் கொடு தம்பி, வண்டி நல்லபடியா திரும்பிச்சுன்னு"ன்னு இவர் இங்கிலீஷ்ல கேட்டார். கம்ப்யூட்டர் வேலை செய்யல, மெயில்ல வரும்னான். கப்பல் வாயைத் திறந்து நிக்குது, ஆளுங்க ஏறிட்டிருக்காங்க. "ஆல் குட், ஆல் குட், கோ, யுவர் ஷிப்!"னு எங்க பெட்டியை அவனே தூக்கி ரோட்டுல வச்சான். இப்ப யோசிச்சா அந்த அவசரம்தான் அவங்க முதலீடே. கப்பலை விட்டா அடுத்த நாள் விமானம் போயிடும்னு அவங்களுக்குத் தெரியாதா?

கப்பல் மேல் தளத்துல நின்னு காத்து வாங்கிட்டிருந்தோம். எஸ்எம்எஸ். 870 யூரோ. ஓடிபி கேக்கல, பின் நம்பர் கேக்கல. வெளிநாட்டுக் கடைக்காரன் கையில கார்டு விவரம் இருந்தா நம்ம ஊர் மாதிரி ஓடிபி இல்லாமலே எடுக்க முடியும்ங்கிறது எத்தனை பேருக்குத் தெரியும்? "ஏங்க, இது என்னங்க?"ன்னு கேட்டேன். இவர் முகம் செத்துப் போச்சு.

கடைக்குப் போன் போட்டா எடுக்கல. பிரேயஸ் துறைமுகத்துல இறங்கினப்புறம் ஒரு மெசேஜ் வந்துச்சு. மெக்கானிக் பார்த்தாராம், வண்டிக்கு அடியில சேதமாம், ஒப்பந்தப்படி மண் ரோட்டுல ஓட்டக்கூடாதாம், நாங்க மேற்குப் பக்கம் கிளெஃப்டிகோ மலைப் பாதையில ஓட்டியிருக்கோமாம். ஐயா, நாங்க கிளெஃப்டிகோ போனது படகுல! டிக்கெட் தேதியோட இருக்கு. மண் ரோடுன்னா, சிக்ராடோவுக்குப் பெருக்கல் குறி போட்டு அனுப்பினது யாரு? அந்த மேப் என் கைப்பையில இருக்கு, நீல மை அழியாம அப்படியே இருக்கு.

ஆதாரம் கேட்டோம். ஒரு போட்டோ அனுப்பினாங்க. இருட்டுல எடுத்தது. வளைஞ்ச ஒரு தகடு தெரியுது, நம்பர் பிளேட் தெரியல. ஓரத்துல பின்பக்க இடது விளக்கு பாதி விழுந்திருக்கு. முழுக் கண்ணாடி. மஞ்சள் டேப்பும் இல்ல, உடைசலும் இல்ல. எங்க வண்டியே இல்லைங்க அது! ரெண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அனுப்பினேன். படிச்சதுக்கு அடையாளமா ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. பதில் இல்ல.

புக் பண்ணின தளத்துக்கு எழுதினோம். முதல்ல தானியங்கிப் பதில். அப்புறம் ஒரு ஆள், "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, கடையைத் தொடர்பு கொள்ளவும்." கடையைக் கேட்டா, "தளத்தைக் கேளுங்க." சரி, காசு கொடுத்து வாங்கின "முழுப் பாதுகாப்பு" இருக்கே, அதுல கேப்போம்னு போனா, பழுது பார்த்ததுக்கு சட்டப்படியான பில் வேணுமாம். அந்த பில்லைக் கடைக்காரன் தரணும். அவன் தர மாட்டேங்கிறான், கணக்கர் லீவுல இருக்காராம். பில் இல்லாம காப்பீடு இல்ல, காப்பீட்டுக்காரன் கடைகிட்ட கேக்கவும் மாட்டான். கிரீஸ்ல சாப்பாட்டுக் கடை மெனு அட்டையில எல்லாம் அச்சடிச்சே இருக்கு, சட்டப்படியான ரசீது தராவிட்டா வாடிக்கையாளர் காசு கொடுக்க வேண்டியதில்லைன்னு. ஒரு காபிக்கு உள்ள மரியாதை 870 யூரோவுக்கு இல்லையா?

சுற்றுலா போலீஸ் நம்பர் 1571. கூப்பிட்டோம். மரியாதையாத்தான் பேசினாங்க. ஆனா தீவுலயே நேர்ல வந்து புகார் எழுதிக் கொடுக்கணும்னாங்க. நாங்க ஏதென்ஸ்ல, காலையில விமானம். மறுபடி தீவுக்குத் திரும்பிப் போகச் செலவு யார் தருவா?

வங்கி கதை இன்னும் மோசம். கஸ்டமர் கேர்ல ஒவ்வொரு தடவையும் வேற ஆள், முதல்லேர்ந்து கதை சொல்லணும். கடைசியில, "ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார், அதுல பின்னாடி எடுக்கிறதுக்கு அனுமதி கொடுத்த மாதிரி ஆகும்"னாங்க. கிளைக்கு நேர்ல போனோம். அந்த அதிகாரி படிவத்தைக் கூடப் பார்க்காம, "கிரீஸ் வரைக்கும் போயிட்டு வர்றவங்களுக்கு இது ஒரு தொகையா சார்?"னு கேட்டார். எங்க அண்ணன் கூட, "விட்டுத் தள்ளுங்க மாப்பிள்ளை, கண் திருஷ்டி கழிஞ்சுதுன்னு நினைச்சுக்கோங்க"ங்கிறார். எதுக்கு விடணும்? மாசாமாசம் சீட்டுக் கட்டினது நாங்க. 870 யூரோங்கிறது எங்களுக்கு எங்க வீட்டு வாடகை, பால், பள்ளிக்கூடக் கட்டணம்.

வங்கியில தகராறுப் படிவம் கொடுத்திருக்கோம். ரெண்டு போட்டோ, மேப், படகு டிக்கெட் எல்லாம் இணைச்சாச்சு. 30 நாள்ல வங்கி ஒழுங்கா பதில் சொல்லலைன்னா வங்கிகள் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன்கிட்ட போவோம்.

விவரமா சொல்றேன்னு ஆரம்பிச்சேன், எழுத எழுதத் தலை வலிக்குது. முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

வண்டியை எடுக்கும்போது வீடியோ எடுங்க, அடிப்பக்கம் குனிஞ்சு எடுங்க, நம்பர் பிளேட் அதே வீடியோவுல வரணும். கடைக்காரர் கையை வச்சு மறைச்சா அந்தக் கடையே வேண்டாம். எந்தெந்த ரோடு கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கிறதைப் போன்ல மொழிபெயர்த்துப் பாருங்க. டயர், அடிப்பாகம், கண்ணாடி, மண் ரோடு இதெல்லாம் "முழு" காப்பீட்டுல பெரும்பாலும் வராது. கப்பல் நேரத்துக்கு முந்தின நாளே வண்டியைத் திருப்பிக் கொடுங்க, எழுத்துல வாங்காம நகராதீங்க. சாவி கொடுத்த அடுத்த நிமிஷம் வங்கி ஆப்புல போய் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நிறுத்துங்க, பெரும்பாலான வங்கி ஆப்புல அந்த வசதி இருக்கு.

இன்னும் இருக்கு, அப்புறம் எழுதுறேன். வங்கியிலேர்ந்து இவருக்குப் போன் வருது.