அசல் பிரிண்டா, கண்ணாடி நெகட்டிவிலிருந்து புதிதா?

பேஸ்பால் விதிமுறை எனக்குப் பாதிதான் தெரியும். ஆனால் 1910 சீசன் கதை மட்டும் அத்துப்படி. டெட்ராய்ட்டில் கார் கம்பெனி நடத்திய ஹ்யூ சால்மர்ஸ், அந்த வருடம் பேட்டிங் சராசரியில் (மட்டை பிடித்த வாய்ப்புகளில் எத்தனை ஹிட், அதாவது அடித்துவிட்டு ஓடி பேஸை எட்டியது, என்ற விகிதம்) முதலாவதாக வருபவருக்குத் தன் சால்மர்ஸ் 30 காரைப் பரிசாகத் தருவதாக அறிவித்தார். போட்டி டெட்ராய்ட்டின் டை காபுக்கும் கிளீவ்லாந்தின் நாப் லாஜ்வேக்கும். காபைச் சொந்த அணியிலேயே பலருக்குப் பிடிக்காது. கடைசி நாள், லாஜ்வே அணிக்குச் செயின்ட் லூயிஸில் இரண்டு ஆட்டம். லாஜ்வே ஜெயிக்கட்டும் என்று எதிரணி மேலாளர் தன் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரரைப் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடியே லாஜ்வே பெரும்பாலும் கணக்கை ஏற்றினார், மொத்தம் எட்டு ஹிட். கடைசியில் லீக் தலைவர் பேன் ஜான்சன், காப் .385, லாஜ்வே .384 என்று தீர்த்துவைத்தார். சால்மர்ஸ் இருவருக்கும் ஆளுக்கொரு கார் கொடுத்தார். அவருக்கு விளம்பரம் இரண்டு மடங்கு.

அந்த இருவரும் ஒரே சால்மர்ஸ் காரில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்ததிலிருந்து இந்தப் பித்து. விளையாட்டு வீரர், பக்கத்தில் பித்தளை விளக்கு வைத்த கார். அப்படிப்பட்ட படம் ஒன்றாவது வீட்டில் இருக்க வேண்டும் என்று இறங்கினால் எதிரே இரண்டு வழி. ஒன்று, அந்தக் காலத்திலேயே பத்திரிகைக்காக அச்சடித்த அசல் பிரிண்ட். இன்னொன்று, நூலகங்களில் இருக்கும் கண்ணாடி நெகட்டிவின் ஸ்கேனை இறக்கி நாமே பிரிண்ட் போட்டுக்கொள்வது. இரண்டையும் செய்து பார்த்தாயிற்று. இன்று என் சுவரில் இருப்பது இரண்டாவது.

(இணையத்தில் ஃப்ரேமோடு விற்கும் போஸ்டர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது ஏதோ பத்திரிகைப் பக்கத்தை ஸ்கேன் செய்தது. அவ்வளவுதான்.)

அசலின் சுகம் தனி, மறுக்கவில்லை. நான் வாங்கியது 8க்கு 10 அங்குலம். அவ்வளவாகப் பெயர் தெரியாத ஒரு ஆட்டக்காரர், திறந்த கூரைக் காரின் கதவில் கையூன்றி நிற்கிறார். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் விருந்து: படம் கொடுத்த ஏஜென்சியின் ஊதா முத்திரை, டைப் அடித்து ஒட்டிய குறிப்புச் சீட்டு, எந்த அளவுக்கு வெட்ட வேண்டும் என்று யாரோ உதவி ஆசிரியர் போட்ட பென்சில் கோடு. முன்பக்கத்தில், அச்சில் எடுப்பாகத் தெரிவதற்காகத் தொப்பி விளிம்பில் வெள்ளைப் பெயிண்ட் தீற்றியிருக்கிறார்கள். இதெல்லாம் எந்த ஸ்கேனிலும் கையில் தட்டுப்படாது.

விலை விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேகரிப்பாளர்கள் நான்கு வகை பிரிப்பார்கள். எடுத்த ஓரிரு வருடத்துக்குள் மூல நெகட்டிவிலிருந்தே போட்டது முதல் வகை, அதற்குத்தான் மவுசு. பிற்காலத்தில் போட்டதும் நகல் நெகட்டிவிலிருந்து போட்டதும் கீழே கீழே போகும். விற்பவர் 'பழைய படம்' என்று மட்டும் சொன்னால் எந்த வகை என்று கேளுங்கள். மறுவிற்பனை பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நான் இதுவரை ஒன்றைக்கூட விற்றதில்லை.

சரி, என் முடிவை மாற்றியது பராமரிப்பு. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின், அதாவது மாட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் பசை. ஈரம் பட்டால் ஊறி உப்பும், ஒட்டும். பூஞ்சைக்கோ அது சாப்பாடு. காற்றில் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது என்பார்கள். சென்னையில் கடலுக்கு ஒரு கிலோமீட்டரில் குடியிருந்துகொண்டு நவம்பரில் அதற்கு எங்கே போவது?

ஃப்ரேம் கடையில் கொடுத்தேன். நடுவில் அட்டை விளிம்பு வைக்காமல் படத்தைக் கண்ணாடியோடு சேர்த்து இறுக்கிவிட்டார்கள். எனக்கும் அப்போது தெரியாது. ஒரே ஒரு மழைக்காலம். பொங்கலுக்குத் துடைக்க இறக்கியபோது கார் விளக்கைச் சுற்றி ஈரத்திட்டு மாதிரி பளபளத்தது. பின்னட்டையைக் கழற்றி ஓரத்தை நகத்தால் நெம்பினேன், படம் வரவில்லை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இழுத்தால் கார் கண்ணாடியோடு போகும், காகிதம் என் கையோடு வரும். அப்படியே விட்டுவிட்டேன்.

அசலை ஒழுங்காக வைக்க வேண்டுமானால் அமிலமில்லாத அட்டை, மைலார் (பாலியெஸ்டர்) உறை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், முடிந்தால் கேமரா வைக்கும் டிரை கேபினெட், அதாவது ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி. பி.வி.சி. உறை கூடவே கூடாது. இவ்வளவும் செய்த பிறகு படம் பெட்டிக்குள் இருக்கும், சுவர் காலியாக இருக்கும்.

இப்போது சுவரில் இருப்பது ஜாக் ஜான்சன். குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் உலகச் சாம்பியனான முதல் கறுப்பின வீரர், கார் என்றால் உயிர். 1910 அக்டோபரில் நியூயார்க்கின் ஷீப்ஸ்ஹெட் பே தடத்தில் ரேஸ் ஓட்டுநர் பார்னி ஓல்ட்ஃபீல்டோடு கார் பந்தயத்தில் மோதித் தோற்றார். அவரோடு ஓட்டியதற்காக ஓல்ட்ஃபீல்டைக் கார் சங்கம் இடைநீக்கம் செய்தது. 1946இல் ஜான்சன் இறந்ததும் கார் விபத்தில்தான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1948இல் பெய்ன் செய்தி நிறுவனத்தின் படத் தொகுப்பை வாங்கியது. அதில் கண்ணாடி நெகட்டிவ்கள் ஏறக்குறைய 40,000. ஸ்கேனை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பல நெகட்டிவ்களின் ஓரத்தில் கையால் எழுதிய பெயர், பிரிண்டில் வெள்ளை எழுத்தாக வருகிறது. அதை வெட்டச் சொல்லாதீர்கள், அழகே அதுதான்.

பெரிய கோப்பை இறக்கி, பருத்திக் காகிதத்தில் பிக்மென்ட் மையில் போடச் சொன்னேன். அசலில் சாம்பல் தீற்றலாக இருப்பது இங்கே சக்கரத்தின் மரக்கம்பி கம்பியாகத் தெரிகிறது. வலப்பக்க ஸ்டியரிங், கதவுக்கு வெளியே நிற்கும் கியர் தண்டு, எல்லாம் எண்ணிப் பார்க்கலாம். பூஞ்சை வந்தாலும் கவலையில்லை, பென் டிரைவை எடுத்துக்கொண்டு மறுபடி பிரிண்ட் கடைக்குப் போவேன். இந்த மை எத்தனை வருடம் நிற்கும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது, மாட்டி மூன்று வருடம்தான் ஆகிறது.

ஒட்டிக்கொண்ட அசல் அலமாரியில் குப்புறக் கிடக்கிறது. ஊதா முத்திரை இன்னும் பளிச்சென்று இருக்கிறது.