எவரெஸ்ட் பேஸ் கேம்ப்புக்கு ஆள் சேர்க்கிறார்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வார இறுதிப் பயிற்சி, ஷூ, மருத்துவச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ், கைடு, லாட்ஜ் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்று சொல்லி, கோவையிலிருந்து எவரெஸ்ட் பேஸ் கேம்ப்புக்குக் குழு சேர்க்கும் ஒருவர் எங்களை ஏமாற்றினார். போன பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எங்களோடு வந்த ஒரு அக்கா, பேஸ் கேம்ப்புக்குப் போகும் வழியில் உள்ள லோபுச்சே என்ற ஊரில் உயிர் போகும் நிலைக்குப் போய்த் திரும்பினார். இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் அந்த ஆள் அடுத்த சீசனுக்கு மறுபடியும் போஸ்டர் போட்டு ஆள் சேர்க்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர் செய்த விதம் தெரிந்தால் போதும். இதே விதத்தில் வேறு யார் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

பயிற்சி நன்றாகத்தான் நடந்தது. விடியற்காலை ரேஸ் கோர்ஸில் நடை, ஞாயிற்றுக்கிழமை பை சுமந்து மருதமலைப் படிக்கட்டு, ஆண்களுக்கு மட்டும் வெள்ளியங்கிரி. கூட்டமாகச் சேர்ந்து வியர்வை சிந்தும்போது ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது, கூட்டிப் போகிறவர் மேல் நம்பிக்கையும் சேர்ந்தே வருகிறது. "ஏழு மலை ஏறி இறங்கினவங்களுக்கு நேபாளம் எல்லாம் ஒன்னுமே இல்லைங்க" என்பார். கேட்க உற்சாகமாக இருக்கும்.

இந்தப் பேச்சுதான் ஆபத்தானது. வெள்ளியங்கிரி காலுக்கும் மூச்சுக்கும் நல்ல பயிற்சி, மறுக்கவில்லை. ஆனால் உயரம் என்பது வேறு சமாசாரம். தமிழ்நாட்டின் மிக உயரமான இடமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். பேஸ் கேம்ப் பாதையில் முதல் இரவு தங்கும் பாக்டிங் கிட்டத்தட்ட அதே உயரம். மறுநாள் இரவு தங்கும் நாம்சே பஜார் 3,440 மீட்டர். அதாவது இரண்டாவது இரவே நம் மாநிலத்தில் யாரும் ஏற முடியாத உயரத்தில் படுக்கிறோம். பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிதான் அங்கே கிடைக்கும். இதற்கு உடம்பு பழக வேண்டுமென்றால் அந்த உயரத்தில் இரவுகளைக் கழித்துத்தான் பழகும், படிக்கட்டு ஏறிப் பழகாது. எங்கள் குழுவில் மாரத்தான் ஓடும் தம்பி ஒருவருக்குத்தான் முதலில் தலைவலி வந்தது. நல்ல உடற்தகுதி உள்ளவர்களுக்கு உயர நோய் வராது என்பது உண்மையே இல்லை.

கிளம்புவதற்கு முன்பே ஒரு அறிகுறி தெரிந்தது. மருத்துவச் சான்றிதழுக்கு என்று தலைக்கு 500 ரூபாய் வாங்கினார். யாரையும் எந்த டாக்டரும் தொட்டுப் பார்க்கவில்லை. சான்றிதழ்கள் கையெழுத்தும் முத்திரையும் போட்டு மொத்தமாக வந்தன. எல்லாவற்றிலும் ரத்த அழுத்தம் 120/80. எல்லாம் ஒரே நீல மை, ஒரே கை எழுத்து. பல வருடமாக பிபி மாத்திரை சாப்பிடும் அந்த அக்காவுக்கும் 120/80. "இது என்ன அண்ணா?" என்று கேட்டதற்கு, "நேபாளத்துல யாரும் பார்க்க மாட்டாங்க, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்றார். குழுவில் சிலர் தனியாக டாக்டரைப் பார்த்துக்கொண்டார்கள். அக்காவும் பார்த்தார். அந்த டாக்டர் சொன்ன அறிவுரையில் முக்கியமானது, மெதுவாக ஏறுங்கள் என்பது.

ஷூ பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. வாட்டர் ப்ரூஃப் என்று அவர் விற்றதில் இரண்டு பேருக்கு நாம்சே ஏற்றத்திலேயே அடிப்பாகம் பிரிந்தது. பர்மிட் பணமும் அப்படித்தான். சாகர்மாதா தேசியப் பூங்காவுக்கு மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய். சார்க் நாட்டவர் என்பதால் நமக்கு 1,500, அதோடு வரி. நம் ஒரு ரூபாய்க்கு நேபாள ரூபாய் 1.60. கும்பு பகுதிக்கான உள்ளூர்க் கட்டணம் தனி. எல்லாம் சேர்த்தாலும் அவர் பர்மிட்டுக்கு என்று வாங்கிய 5,500 இந்திய ரூபாய் வரவே வராது. மோஞ்சோவில் உள்ள பூங்கா வாசலில் கொடுக்கும் சீட்டில் தொகை அச்சிட்டே இருக்கிறது. கைடிடமிருந்து வாங்கிப் பாருங்கள்.

இதெல்லாம் காசுத் திருட்டு. அடுத்து அவர் செய்ததைத்தான் எங்களால் மன்னிக்க முடியவில்லை.

அவர் கொடுத்த நோட்டீஸில் நாம்சேயில் இரண்டு இரவு, டிங்போச்சேயில் இரண்டு இரவு என்று தெளிவாக இருந்தது. உயரத்துக்கு உடம்பைப் பழக்க வைத்திருக்கும் நாட்கள் அவை. அந்த நாளில் சும்மா படுத்திருக்கவும் மாட்டார்கள். நாம்சேயிலிருந்து 3,880 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை ஏறிவிட்டு, கீழே வந்து தூங்குவார்கள். மேலே ஏறு, கீழே தூங்கு என்பதுதான் முறை. 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் அதே உயரத்தில் தங்க வேண்டும் என்று மலை மருத்துவம் படித்தவர்கள் சொல்கிறார்கள்.

காத்மாண்டு வந்த பிறகு கைடின் கையில் இருந்த தாளைப் பார்த்தோம். அதில் அந்த இரண்டு நாளும் இல்லை. பாக்டிங், நாம்சே, டெங்போச்சே, டிங்போச்சே, லோபுச்சே என்று தினம் ஒரு ஊராக நேராக ஏற்றம். காத்மாண்டுவில் இருக்கும் ஏஜென்சிக்கு அவ்வளவு நாளுக்குத்தான் பேசியிருக்கிறார், அதிலும் பாதிப் பணம்தான் கட்டியிருக்கிறார். இரண்டு நாள் குறைத்தால் மொத்தக் குழுவுக்கும் லாட்ஜ், சாப்பாடு, கைடு கூலி, போர்ட்டர் கூலி எல்லாம் மிச்சம். எங்களிடம் முழுப் பணமும் வாங்கியாகிவிட்டது.

எல்லாரும் சேர்ந்து சண்டை போட்டோம். "நாம்சேயில ரெண்டு நாள் தங்கிக்கலாம், நான் பார்த்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தார். நாம்சேயில் எங்களுக்கு ஒரு இரவுதான் அறை இருந்தது. அக்டோபர் மாதம், ஊரே நிரம்பி வழிந்தது. அவரோ வயிறு சரியில்லை என்று அங்கேயே தங்கிவிட்டார். எங்களை கைடோடு அனுப்பும்போது, "டயமாக்ஸ் போட்டுக்கோங்க, அப்புறம் ரெஸ்ட் டே எல்லாம் தேவையே இல்லைங்க" என்றார். சுத்தப் பொய். அந்த மாத்திரை உடம்பு பழகுவதற்கு உதவும், அவ்வளவுதான். ஓய்வு நாளின் வேலையை அது செய்யாது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. எங்களில் யாரிடமும் அவர் அதைக் கேட்கவில்லை.

லோபுச்சே 4,900 மீட்டருக்கு மேல். அன்று மாலை அடுப்பைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா சாப்பிடவில்லை, இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். டாய்லெட் போக எழுந்தவர் ஷூ கயிற்றைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். எப்படிக் கட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கைடு இருபதுகளில் இருக்கும் பையன், அந்தச் சோலுகும்பு மாவட்டத்துக்காரர். அவர் அதைப் பார்த்தவுடனே எழுந்து வந்தார். தரைப் பலகை இரண்டு சேரும் கோட்டைக் காட்டி, ஒரு காலின் விரலும் மறு காலின் குதிகாலும் ஒட்டும்படி அடி வைத்து நடக்கச் சொன்னார். அக்காவால் மூன்றாவது அடி வைக்க முடியவில்லை, பக்கவாட்டில் சாய்ந்தார். இந்தச் சோதனையை மலைக்குப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தலைவலியோடு நடை தடுமாறினால் மூளையில் நீர் கோத்து வீங்குகிறது என்று அர்த்தம். விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே கீழே இறங்க வேண்டும்.

நாம்சேக்கு போன் போட்டோம். "பூண்டு சூப் கொடுங்க, தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுங்க, காலைல பார்த்துக்கலாம்" என்றார். கைடு அதைக் காதில் வாங்கவே இல்லை. ஹெட்லேம்ப் வெளிச்சத்தில், இரண்டு போர்ட்டர்கள் மாறி மாறி அக்காவை முதுகில் சுமக்க, துக்லா வழியாகப் பெரிச்சே வரை இறக்கினார்கள். அங்கே ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் மருத்துவ முகாம் இருக்கிறது. 1973-இல் தொடங்கிய அமைப்பு, சீசனில் வெளிநாட்டு டாக்டர்கள் வந்து சேவை செய்கிறார்கள். ஆக்சிஜன் வைத்து, மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் ஊசி போட்டார்கள். இன்னும் சில மணி நேரம் மேலேயே வைத்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று அந்த டாக்டர் சொன்னார். பாதிக் கூலிகூடக் கைக்கு வராத அந்த மூன்று பேருக்கும் எங்கள் குழு என்றென்றும் கடன்பட்டிருக்கிறது.

காலையில் ஹெலிகாப்டர் வேண்டும் என்றபோதுதான் இன்ஷூரன்ஸ் கதை வெளியே வந்தது. எடுத்துவிட்டேன் என்று அவர் அனுப்பியிருந்தது சாதாரண வெளிநாட்டுப் பயண பாலிசி. மலையேற்றத்தால் வரும் எதற்கும் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. யார் பணம் கட்டுவார்கள் என்ற உத்தரவாதம் இல்லாமல் ஹெலிகாப்டர் கிளம்பாது. அக்காவின் தம்பி பொள்ளாச்சியிலிருந்து கார்டில் கட்டினார், நாங்களும் முடிந்ததைப் போட்டோம். லட்சக்கணக்கில் போனது. பாலிசியை உங்கள் பெயரில் நீங்களே எடுங்கள். எத்தனை மீட்டர் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்ற இரண்டுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்தே எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இதற்கு நேர் எதிரான மோசடியும் அங்கே இருக்கிறது. லேசான தலைவலிக்கே பயமுறுத்தி ஹெலிகாப்டரில் ஏற்றி, இன்ஷூரன்ஸ் பணத்தில் பங்கு பார்ப்பவர்கள். நேபாள அரசே 2018-இல் விசாரணை நடத்தி இதை வெளியே கொண்டுவந்தது. ஆகவே அறிகுறிகள் என்ன என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். பெரிச்சேயில் சீசனில் தினமும் மதியத்துக்கு மேல் டாக்டர்கள் உயர நோய் பற்றி இலவசமாகப் பேசுகிறார்கள். நல்ல கைடு உங்களை அங்கே உட்காரவைத்துவிட்டுத்தான் மேலே கூட்டிப் போவார்.

2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு, வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் வந்திருக்கிறது. இமயமலைக்குப் போகிறவர்கள் இன்னும் இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள். ஒவ்வொரு இரவும் எந்த ஊரில், எத்தனை மீட்டரில் தூங்குவோம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நேபாளத்தில் கூட்டிப் போகும் ஏஜென்சியின் பெயரை வாங்கி, அவர்களிடம் நேரடியாகப் பேசி, அதே அட்டவணைதான் அவர்களிடமும் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே, திரும்பும் டிக்கெட்டுக்கு முன் கையிருப்பாக இரண்டு நாளாவது இருக்க வேண்டும். பேஸ் கேம்ப் நடை தொடங்கும் ஊரான லுக்லாவுக்குப் போகும் விமானங்களில் பெரும்பாலானவை சீசனில் காத்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை, நள்ளிரவில் பஸ் பிடித்து ராமேச்சாப் மாவட்டத்தில் உள்ள மந்தலிக்குப் போக வேண்டும். வானிலை மோசமானால் அங்கேயே நாள்கணக்கில் கிடக்க வேண்டியதுதான். கையிருப்பு நாள் இல்லாத அட்டவணையில், போன நாளை ஈடுகட்ட எதை வெட்டுவார்கள்? ஓய்வு நாளைத்தான்.

பணத்தைத் தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். நிறுவனக் கணக்கும் ஜிஎஸ்டி எண் போட்ட ரசீதும் கேளுங்கள்.

இவரிடமோ இவரைப் போன்றவரிடமோ ஏற்கெனவே ஏமாந்தவர்கள் இருந்தால், வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேறும் முன் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எங்களை அவர் குரூப்பிலிருந்து நீக்கிய பிறகும் புகார் நிற்பதற்குக் காரணம் நோட்டீஸும் பணம் அனுப்பிய ஆதாரமும் எங்களிடம் இருந்ததுதான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்களுக்கு முன் இவரோடு போய்வந்த ஒரு குழுவுக்கு அந்தக் கெடு முடியப்போகிறது. அவர்களில் யாராவது இதைப் படித்தால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே போடுங்கள்.