"ஜிஐ 32" என்று ஸ்டிக்கர் ஒட்டிய சத்துமாவு: பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்கள் வாங்குமுன் படிக்கவும்

மூன்று டப்பா சத்துமாவு, ஓர் உணவு அட்டவணை, வாரம் ஒருமுறை தொலைபேசி ஆலோசனை ஆகியவை அடங்கிய "நீர்க்கட்டித் தொகுப்பு" ஒன்றை வாட்ஸ்அப் வழியாக 8,400 ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாந்தேன். விற்றவரின் பெயரை எழுதவில்லை. புகார் இன்னும் முடியவில்லை என்பது ஒரு காரணம்; இதே சரக்கைப் பல பெயர்களில் பலர் விற்கிறார்கள் என்பதால், ஒரு பெயரை மட்டும் சொல்வதால் பெரிய பயன் இல்லை என்பது மற்றொன்று.

நான் படிக்காமல் விழுந்தவள் இல்லை. பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடல் அதை மேலும் மேலும் சுரக்கிறது என்பதும், அந்த மிகுதியான இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோன்களைக் கூட்டுகிறது என்பதும், அதனால்தான் மாதவிலக்கு தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் நடக்கின்றன என்பதும் ஐந்து ஆண்டுகளாக எனக்குத் தெரியும். ஆகவே சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு நல்லது என்று ஒருவர் சொன்னபோது, அதில் பாதி உண்மை இருந்ததாலேயே மீதியையும் நம்பிவிட்டேன்.

டப்பாவின் முன்பக்கத்தில் "ஜிஐ 32" என்று பச்சை எழுத்தில் இருந்தது. ஜிஐ என்பது கிளைசெமிக் குறியீடு; ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதைக் காட்டும் எண். இந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பதை வாங்குமுன் தெரிந்துகொண்டிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். 1981இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் அறிமுகப்படுத்திய இந்தக் குறியீட்டில் குளுக்கோஸுக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்ற உணவுகளை ஒப்பிடுகிறார்கள். 55 வரை குறைவு, 70உம் அதற்கு மேலும் அதிகம். ஓர் உணவுக்கு இந்த எண்ணைத் தர வேண்டுமானால், செரிக்கக்கூடிய மாவுச்சத்து 50 கிராம் இருக்கும் அளவுக்கு அதை வெறும் வயிற்றில் குறைந்தது பத்துப் பேருக்குக் கொடுத்து, இரண்டு மணி நேரம் இரத்தச் சர்க்கரையைத் திரும்பத் திரும்ப அளந்து, குளுக்கோஸ் குடித்தபோது கிடைத்த அளவோடு ஒப்பிட வேண்டும். அடுப்பங்கரையில் கணக்குப் போட்டு எழுதக்கூடிய எண் அல்ல அது. பரிசோதனை அறிக்கையைப் பிறகு கேட்டபோது, "எங்க கஸ்டமர்ஸோட ரிசல்ட்தான் சிஸ்டர் எங்க ரிப்போர்ட்" என்ற பதிலும் இரண்டு இதயக் குறிகளும் வந்தன.

விஷயம் தற்செயலாக வெளிவந்தது. இட்லிப் பாத்திரத்தின் பக்கத்தில் டப்பாவை வைத்திருந்தேன். ஆவி பட்டுப் பின்பக்க ஸ்டிக்கரின் ஒரு மூலை உரிந்தது. இழுத்துப் பார்த்தால் அடியில் இன்னொரு லேபிள். மேலே இருந்ததில் தினை, சாமை, வரகு, குதிரைவாலி, வெந்தயம் என்று பதினேழு பெயர்கள் இருந்தன. அடியில் இருந்ததில் கேழ்வரகு மாவு, மால்டோடெக்ஸ்ட்ரின், பொட்டுக்கடலை, பால்பவுடர், ஏலக்காய் என்று ஐந்தே பெயர்கள். எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது லேபிள் விதி. ஆகவே இரண்டாவது இடத்தில் இருப்பது சிட்டிகைச் சரக்காக இருக்க முடியாது. மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுச்சத்தை உடைத்துத் தயாரிக்கும் வெள்ளைப் பொடி. நாக்குக்கு இனிப்பு அதிகம் தெரியாது, லேபிள் கணக்கில் சர்க்கரையாகவும் வராது, ஆனால் உடலில் ஏறக்குறைய குளுக்கோஸின் வேகத்திலேயே இரத்தத்தில் கலந்துவிடும். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று அவர்கள் துணிந்து அச்சிட்டதன் சூட்சுமம் இதுதான்.

மறுநாள் காலை அம்மாவின் குளுக்கோமீட்டரை எடுத்தேன். வெறும் வயிற்றில் 97. அவர்கள் சொன்ன அளவில் கஞ்சி குடித்து ஒரு மணி நேரம் கழித்து 189. இரண்டு நாள் இடைவெளி விட்டு, அதே நேரத்தில் இரண்டு இட்லியோடு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டுப் பார்த்தபோது 141. வீட்டில் விரலைக் குத்திப் பார்ப்பது ஜிஐ பரிசோதனை ஆகிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனாலும் 32 என்று சொல்லி விற்ற பொருள் இட்லியைத் தாண்டி ஓடியதற்கு அவர்களிடமிருந்து விளக்கம் எதுவும் வரவில்லை. மால்டோடெக்ஸ்ட்ரின் இல்லாவிட்டாலும்கூட, எந்தத் தானியத்தையும் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் அது முழுத் தானியத்தைவிட விரைவாகச் செரிக்கும். சிறுதானியம் என்ற பெயர் அதைத் தடுக்காது.

பணம் போனதைவிடப் பெரிய தீங்கு தொலைபேசி ஆலோசனையில் நடந்தது. இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவுவதற்காக நான் சாப்பிட்டுவந்த மெட்ஃபார்மின் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றும், மாவு "வேலை செய்ய" அதை நிறுத்த வேண்டும் என்றும் சொன்னார்கள். ஏழு வாரம் நிறுத்தினேன். மூன்று மாத முடிவில் எச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 5.6 சதவீதத்திலிருந்து 6.0 ஆகியிருந்தது, மாதவிலக்கு ஒருமுறைகூட வரவில்லை. என் மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை, ஆனால் மிகப் பொறுமையாக விளக்கினார், அதுவே கூச்சமாக இருந்தது. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்குத்தான் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். பிசிஓஎஸுக்காக 2023இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டி, எந்த ஒரு குறிப்பிட்ட உணவுமுறையும் மற்றவற்றைவிட மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றே சொல்கிறதாம். குறைந்த ஜிஐ உணவு தவறு என்பதல்ல அதன் பொருள். தட்டில் சோறு எவ்வளவு, கூடவே பருப்பும் காயும் முட்டையும் எவ்வளவு, அதை எத்தனை மாதம் அலுக்காமல் தொடர முடியும் என்பதெல்லாம் ஒரு டப்பாவின் மேல் இருக்கும் எண்ணில் அடங்காது.

"90 நாளில் பீரியட்ஸ் ரெகுலர்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் அங்கேயே நிற்கவும். நோயைக் குணப்படுத்துவதாக உணவுப் பொருளை விளம்பரம் செய்யக் கூடாது; மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்வதாக மருந்தை விளம்பரம் செய்வதையும் 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது. உரையாடலைத் தொடங்கும்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளவும். என்னோடு பேசியவர்கள் செய்திகள் 24 மணி நேரத்தில் தானாக மறையும்படி வைத்திருந்தார்கள். அதை நான் பாதுகாப்பு என்று நினைத்தேன், யாருடைய பாதுகாப்பு என்று யோசிக்கவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்ன அழைப்புக்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்த பிறகு, திறக்காத ஒரு டப்பாவுக்கான 2,800 ரூபாய் திரும்ப வந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை என்பதால், மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். திறந்த டப்பாக்களை அனுப்பினால் மீதித் தொகையைப் பற்றிப் பேசலாம் என்று போன வாரம் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பதிவை உடனே சேமித்துவிட்டேன், டப்பாவை அனுப்பவில்லை. பாதி உரிந்த ஸ்டிக்கரோடு அது சமையலறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.