அரக்குச் சிவப்பு, ஆமணக்குப் பட்டு: உம்டென் ஸ்கார்ஃப் இரண்டு வருஷத்துக்குப் பிறகு

மேகாலயாவில் ரி-போய் மாவட்டத்தில் உம்டென் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு நெசவாளர் வீட்டில், ஆமணக்கு இலை தின்னும் எரிப் புழுவின் பட்டில் (எரிப்பட்டு) நெய்த மூன்று ஸ்கார்ஃப் வாங்கினேன். மூன்றும் கையால் நூற்று, கையால் நெய்தவை; இரண்டு இயற்கைச் சாயத்தில் நனைத்தவை, ஒன்று சாயம் போடாதது. வாங்கின கையோடு எழுதியிருக்கலாம். ஆனால் துணியின் குணம் நாலு தடவை துவைத்த பிறகுதான் தெரியும். இரண்டு குவாஹாட்டிக் குளிர்காலமும் ஓர் ஆரணிக் கோடையும் தாண்டிவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

நான் ஆரணிக்காரி. அப்பா நாற்பது வருஷம் பட்டுத்தறியில் உட்கார்ந்தவர். எங்கள் வீட்டில் பட்டு என்றால் வழவழப்பு, விளக்கு வெளிச்சத்தில் நிறம் மாறுகிற மினுமினுப்பு. அந்த நினைப்போடு எரிப்பட்டைத் தொட்டால் ஏமாந்து போவீர்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பளபளப்பு கிடையாது. நன்றாகத் துவைத்துப் பழகிய பருத்தி வேட்டியும் மெல்லிய கம்பளியும் கலந்த மாதிரி இருக்கும். கழுத்தில் சுற்றி ஐந்து நிமிஷம் போனதும் உடம்புச் சூட்டைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கழற்ற மனசு வராது.

ஊருக்குப் போனபோது அப்பாவிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவினார். கட்டைவிரல் நகத்தால் முறுக்கைப் பிரித்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். இரண்டு விரலுக்கு நடுவே இழை பஞ்சாகப் பிரிந்தது. "இது இழுத்த நூல் இல்லம்மா, நூத்த நூல்" என்றார். விஷயம் அவ்வளவுதான். நம் மல்பெரிப் பட்டில் கூட்டை உள்ளே புழுவோடு அவித்து ஒரே இழையாக இழுக்கிறோம். எரிப் புழு கட்டும் கூடு ஒரு முனையில் திறந்தே இருக்கும். இழை தொடர்ச்சியாக வராது, பருத்தி மாதிரி நூற்றுத்தான் ஆக வேண்டும். மினுக்கம் குறைவதும் கதகதப்பு கூடுவதும் அதனால்தான். அந்தப் புழுவுக்கு முக்கியத் தீனி ஆமணக்கு இலை. அஸ்ஸாமியில் ஆமணக்குக்கு 'எரா' என்று பெயர், எரி என்பது அதிலிருந்து வந்தது. மேகாலயாவின் காசி (Khasi) பழங்குடி மக்கள் இந்தப் பட்டை ரிண்டியா என்கிறார்கள்.

குவாஹாட்டியிலிருந்து ஷில்லாங் போகும் சாலையில் நோங்போ வரைக்கும் பஸ், அங்கிருந்து வேறு வண்டி. வீட்டுக்குள் போனதும் தட்டில் வெற்றிலையும் பச்சைப் பாக்கும் வைத்தார்கள். வியாபாரப் பேச்சு அதற்கப்புறம்தான். அந்த வீட்டு அம்மாவை எல்லோரும் கோங் என்று கூப்பிட்டார்கள், நம் 'அக்கா' மாதிரி மரியாதைச் சொல். அவர் பேச்சை நிறுத்தவே இல்லை, கையில் தக்களியும் நிற்கவே இல்லை. நான் இரண்டு டீ குடித்து முடிக்கும்போது தக்களியில் நூல் சுண்டுவிரல் பருமனுக்குச் சேர்ந்திருந்தது. ஒரு ஸ்கார்ஃபுக்கு வேண்டிய பாவும் ஊடையும் இப்படிச் சேரணும் என்று நினைத்தபோது, பேரம் பேசலாம் என்று வந்த எண்ணம் போய்விட்டது. சாயம் போட்டது ஒவ்வொன்றும் 2,400 ரூபாய், சாயம் போடாதது 1,900. கேட்டதைக் கொடுத்தேன்.

மூன்றில் என் உயிர் அரக்கு நிறத்தில்தான். நாம் 'அரக்குக் கலர் புடவை' என்று நாள் முழுக்கச் சொல்கிறோம், ஆனால் அந்தக் கலர் இப்போது டப்பாவில் வரும் பொடியில் இருந்துதான் வருகிறது. இங்கேதான் நிஜ அரக்கை முதல்முறை கையில் வாங்கிப் பார்த்தேன். குச்சியைச் சுற்றிக் கருஞ்சிவப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. துவரைச் செடியில் அரக்குப் பூச்சியை ஏற்றி வளர்க்கிறார்கள். பொருக்கை இடித்துத் தண்ணீரில் ஊறவைத்தால் சிவப்பு இறங்குகிறது. சாயம் பிடிக்க மரத்து இலைகளையும் சேர்த்துக் கொதிக்க விடுகிறார்கள். மாதுளை முத்தின் சிவப்பு, ஓரத்தில் லேசாக நாவல்பழச் சாயல். முதல் துவையலில் தண்ணீர் ரோஸாக வந்தது, இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில் தெளிவு. இன்று வரை அதே சிவப்பு.

மஞ்சள் ஸ்கார்ஃபை அம்மாவுக்குக் கொடுத்தேன். அவள் துணி சோப்பு போட்டுத் துவைத்துவிட்டு, "ஏண்டி, நடுவுல ரத்தம் பட்ட மாதிரி இருக்கே!" என்று போன் பண்ணினாள். எனக்குப் பதறிப்போனது. அடுத்த நிமிஷம் அவளே சிரித்தாள். "மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா குங்குமம்தானே, சோப்பும் காரம்தானே" என்று எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் ஒரு தடவை அலசினாள். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது. அந்த ஸ்கார்ஃபில் நிஜ மஞ்சள் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். மஞ்சள் வெயில் தாங்காது. மாடிக் கொடியில் ஒரு சித்திரை மாசம் காய்ந்ததில் மடிப்பின் வெளிப்பக்கம் வெளிறி, உள்பக்கம் மட்டும் பழைய நிறத்தில் நிற்கிறது. நிறம் அப்படியே நிலைக்கணும் என்பவர்கள் மஞ்சளை விட்டுவிட்டு அரக்கை எடுங்கள்.

சாயம் போடாத மூன்றாவது, வடித்த கஞ்சியின் நிறம். அதை நான்தான் தினமும் போடுகிறேன். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகிறது.

இன்னொன்று. இந்தத் துணியை 'அகிம்சைப் பட்டு' என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. கூட்டுக்குள் உயிரோடு அவிக்காமலே நூல் எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் கூட்டிலிருந்து எடுத்த புழுவை அங்கே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு அது நல்ல உணவு, சந்தையில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் உயிர்க்கொலை கூடாது என்பதற்காகவே இதைத் தேடுகிறவர்கள் அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பி வாங்காமல், கேட்டுத் தெரிந்து வாங்கணும்.

உம்டென் போகும் முன் நகரத்துக் கடை ஒன்றில் 'கைத்தறி எரி, இயற்கைச் சாயம்' என்று 1,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கியிருந்தேன். அப்பா அதன் குஞ்சத்தில் ஓர் இழையைக் கொளுத்தினார். உருகிக் குண்டூசித் தலை மாதிரி கெட்டி உருண்டையாக நின்றது. பக்கத்திலேயே உம்டென் இழையைக் கொளுத்தினார். தலைமுடி பொசுங்குகிற வாசனை வந்தது, கரி விரலில் பொடிந்தது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் பணத்துக்காக இல்லை. தக்களியை உருட்டிக்கொண்டே இருந்த அந்தக் கையின் பெயரைச் சொல்லி பாலியஸ்டரை விற்கிறார்களே என்றுதான். எங்கே வாங்கினாலும் இழை ஒன்று உருவித் தரச் சொல்லுங்கள். நிஜத்தை விற்பவர் தயங்க மாட்டார்.

கையால் நூற்றதால் சில இடத்தில் நூல் தடித்திருக்கும். ஒரே நாளில் நனைத்த இரண்டு ஸ்கார்ஃபின் நிறமும் அச்சாக ஒத்துப்போகாது, ஜோடியாக வாங்க நினைப்பவர்கள் நேரில் பார்த்து எடுங்கள். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் உலர்த்தினால் போதும்.

அப்பாவுக்கு ஒன்று வேண்டுமாம், அரக்குதான். வாட்ஸப்பில் சொல்லியிருக்கிறேன். கையிருப்பில் அரக்கு இல்லை, வந்ததும் நனைக்கிறேன் என்று கோங்கின் மகள் பதில் போட்டாள். அப்பா வாரத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணி, "அரக்கு வந்துச்சாம்மா?" என்று கேட்கிறார்.